நீ ஆற்றை பிள்ளை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் வாரமலரில் வந்த அவுஸ்திரேலியப் பயணக் கட்டுரையைப் பருத்தித்துறையிலிருக்கும் என் தங்கை படமெடுத்து அனுப்பியிருந்தாள். ‘உங்கடை இடத்தைப் பற்றி வந்திருக்கு, வாசிச்சுப் பாருங்கோ அக்கா’ என்று கீழே ஒரு வரி. சிட்னித் துறைமுகத்தையும் நீலமலையையும் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருந்தார். வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. கடைசிக்கு முந்திய பத்தியில் பூர்வகுடி மக்களைப் பற்றி ஆறு வரி வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றோர் கவனிப்பதில்லை, பிள்ளைகள் இன்றைக்கு ஒரு வீடு நாளைக்கு ஒரு வீடு என்று அலைந்து திரிகிறார்கள், அரசாங்கம் எவ்வளவு அள்ளிக் கொடுத்தும் அவர்கள் முன்னேறவில்லை என்று.

அந்த ஆறு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கட்டுரையாளர் மீது எனக்குக் கோபமில்லை. அதே வரிகளை நானும் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் அல்ல, ஒரு நாலு வயதுப் பிள்ளையின் படிவத்தில், என் கையெழுத்தோடு.

நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் ஆறு வருடம் முன்பள்ளியில் படிப்பித்தேன். 2001இல் சிட்னிக்கு வந்த பிறகு, இந்த நாட்டுச் சிறுவர் கல்விப் படிப்பைத் திரும்ப முதலிலிருந்து படித்து, பிளாக்டவுன் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் 2008 பெப்ரவரியில் சேர்ந்தேன். சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, 13ஆம் திகதி காலை எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடி நின்றார்கள். பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில், பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். சமையலறையில் வேலை செய்த பூர்வகுடிப் பெண்மணி கைத்துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுடைய துக்கமே எனக்குப் போதுமாக இருந்த காலம் அது. ஆரிடமும் கேட்கவும் இல்லை.

2013இல் என் வகுப்புக்கு அந்தப் பொடியன் வந்தான். தாய்வழியில் விராஜுரி இனம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், லாக்லன், மக்குவாரி, மரம்பிட்ஜி என்ற மூன்று ஆறுகளின் கரையோரம் வாழ்ந்த மக்கள் அவர்கள். வேலைக்காகவும் வைத்தியத்துக்காகவும் சிட்னிக்கு வந்த குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவன் வந்து ஆறாவது கிழமை, அவனுடைய வளர்ச்சி பற்றிய அவதானிப்புக் குறிப்பை நான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

‘கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. தனக்கு மூன்று அம்மா என்று சொல்கிறான். கொண்டுவந்து விடுபவரும் கூட்டிப் போபவரும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள். இரண்டு கிழமை காரணம் சொல்லாமல் வரவில்லை. நிலையற்ற சூழலில் வளர்வதாகத் தெரிகிறது.’

ஒரு வரியும் பொய் இல்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். ஆனால் கடைசி வரி நான் பார்த்தது அல்ல, நான் முடிவு கட்டியது. இந்த நாட்டில் முன்பள்ளி ஆசிரியைக்கு ஒரு சட்டக் கடமை உண்டு: பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று சந்தேகித்தால் அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டும். அந்தக் கடமை சரியானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி அறிவிப்பதற்கும் நான் எழுதிய அந்த வரிக்கும் நடுவில் ஒரு சின்ன அடிதான் இருந்தது. எங்கள் பொறுப்பாளர் குறிப்பை வாசித்துவிட்டு, ‘குடும்பத்தோடு இருந்து கதைத்தீர்களா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘முதலில் அதைச் செய்யுங்கள்’ என்று திருப்பித் தந்தார்.

வந்தது அவனுடைய அம்மம்மா. பிள்ளைகள் அவரை ‘நேன்’ என்று கூப்பிடுவார்கள். அறுபது வயது தாண்டியவர், முழங்கால் வருத்தம், மெதுவாக நடந்து வந்து மணல் தொட்டிக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். நான் படிவத்தோடு போய் எதிரில் இருந்தேன். அவர் படிவத்தைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, ‘உன்னுடைய மொப் யார்?’

‘மொப்’ என்றால் அவர்களுடைய ஆங்கிலத்தில் சனம், சொந்தபந்தம், குலம், ஊர் எல்லாம் சேர்ந்தது. பூர்வகுடி மக்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். என்ன வேலை, எங்கே வீடு என்பதெல்லாம் பிறகு. ஆர் சனம், எந்த மண், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று தேடிக்கொண்டே போய் எங்கேயாவது ஒரு முடிச்சைப் போட்டுவிடுவார்கள். எனக்குச் சட்டென்று எங்கள் ஒழுங்கை ஞாபகம் வந்தது. படலையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சிமார், சைக்கிளில் போகிற பிள்ளையை மறித்து ‘நீ ஆற்றை பிள்ளை?’ என்று கேட்பார்களே, அதே கேள்வி. சிட்னிக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் என் ஊரைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், கடலைச் சொன்னேன், ஏன் விட்டுவந்தோம் என்று சொன்னேன். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. படிவம் மடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் மூன்று அம்மாவின் கதை வெளியில் வந்தது. ஒன்று பெற்ற அம்மா. மற்ற இருவரும் அம்மாவின் அக்காவும் தங்கச்சியும். அவர்களிடையே தாயின் சகோதரி தாய்தான், தகப்பனின் சகோதரன் தகப்பன்தான். அவர்களுடைய பிள்ளைகள் ஒன்றுவிட்ட ஆட்கள் அல்ல, அண்ணன், அக்கா, தம்பி, தங்கைதான். அம்மாவின் சகோதரனும் அப்பாவின் சகோதரியும் வேறு வகை உறவு. தாயைப் போல அல்லாமல் அவர்களுக்கென்று தனி உரிமையும் கடமையும் உண்டு. அவுஸ்திரேலியா முழுவதும் பூர்வகுடி இனங்கள் பலவற்றில் உறவுமுறையின் அடிப்படை இதுதான்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெரியம்மா, சின்னம்மா என்று நாங்கள் கூப்பிடுவதன் பொருள் என்ன? பெரிய அம்மா, சின்ன அம்மா. பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாதான். மாமாவும் மாமியும் வேறு. பெரியம்மாவின் மகன் அண்ணன், மாமியின் மகன் மச்சான். ஆங்கிலத்தில் இதெல்லாம் ‘ஆன்ரி’, ‘அங்கிள்’, ‘கசின்’ என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும். மானுடவியலாளர்கள் நெடுங்காலமாகவே திராவிட உறவுமுறையையும் அவுஸ்திரேலிய உறவுமுறைகளையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் நம்மவர்களில் சிலர் கடலுக்குள் போன கண்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அது எனக்குத் தேவையில்லை. ஆதியில் ஒன்றாயிருந்தோமோ இல்லையோ, ‘எனக்கு மூன்று அம்மா’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதை உடனே விளங்கிக்கொள்ள வேண்டியவள் நான். என்னை வளர்த்தது என் பெரியம்மா. அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்தபோது இரண்டு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பத்து வயது வரை அங்கும் இங்குமாகத்தான் வளர்ந்தேன். ஆரும் என்னை ‘அலைந்து திரிகிற பிள்ளை’ என்று சொல்லவில்லை. அப்படி வளர்ந்த நானே, ஆங்கிலப் படிவம் கைக்கு வந்தவுடன், ‘நிலையற்ற சூழல்’ என்று எழுதினேன். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒவ்வொரு நாளும் வேறு ஆள் வந்து கூட்டிப்போனதற்கும் காரணம் இதுதான். திங்கள் சின்னம்மா, செவ்வாய் பெரியம்மாவின் மூத்த மகள், புதன் மாமா. பெற்ற தாய் இரவு வேலை செய்தாள். பிள்ளைக்கு ஒரு வீட்டில் சோறும் இன்னொரு வீட்டில் படுக்கையும் இருந்தன. எந்த வீட்டிலும் அவன் விருந்தாளி இல்லை. இரண்டு கிழமை வராமல் போனது அம்மம்மாவின் தமையன் ஊரில் இறந்துபோனதால். ‘சொரி பிஸ்னஸ்’ என்பார்கள். சொந்தக்காரர் எத்தனை நூறு மைலில் இருந்தாலும் போய்ச் சேரவேண்டும், கூட இருக்கவேண்டும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எங்களுடைய செத்தவீட்டையும் எட்டுச் செலவையும் விட்டுவிட்டு ஆராவது பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவார்களா? எங்கள் வரவுப் பதிவேட்டில் அது ‘காரணமின்றி வரவில்லை’ என்று ஏறியிருந்தது.

கண்ணைப் பார்க்காததும் அப்படித்தான். மூத்தவர் கதைக்கும்போது முகத்தை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதில் தெரிந்த கேள்வியை ஒரு பெரிய ஆள் ஏன் கேட்கிறார் என்பதும் அவனுக்கு விளங்கவில்லை. ‘இது என்ன நிறம்?’ என்று சிவப்புப் பந்தைக் காட்டி நான் கேட்கிறேன். எனக்குத் தெரியாதா என்ன? அவர்களுடைய வீடுகளில் பிள்ளை கேள்வி-பதிலில் படிப்பதைவிடப் பார்த்துப் பார்த்துப் படிப்பதே அதிகம். ஏழு வயது அக்கா செய்வதை நாலு வயதுத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் தானாகவே செய்வான். அதுவரைக்கும் ஆரும் அவனை மற்றவர்களுக்கு முன்னால் செய்துகாட்டச் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் பிழைவிட வைப்பதை அவர்கள் ‘ஷேம்’ என்பார்கள். அந்தச் சொல்லின் பாரம் எங்கள் ‘வெட்கம்’ என்ற சொல்லில் முழுதாக இல்லை. நான் தினமும் காலையில் அவனை வட்டத்தின் நடுவில் எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் கூப்பிட்டால் திரும்பாததற்குக் காரணம் பண்பாடு இல்லை, காது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பூர்வகுடிப் பிள்ளைகளிடையே நடுக்காது நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படுகிறது. நெருக்கமான வீடுகள், அடிக்கடி வரும் சளி, வைத்தியம் தூரத்தில் இருப்பது என்று வறுமையோடு பின்னிய காரணங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. காதுக்குள் பசைபோல நீர் தேங்கி நின்றுவிடும். வலி இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஆருக்கும் தெரியாது. பிள்ளை தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோலத்தான் கேட்கும். பேச்சு பிந்தும், பிறகு வாசிப்பும் பிந்தும். ‘இவனுக்கு ஒரு பக்கம் கேட்கிறது குறைவு, நான் எப்பவும் வலப்பக்கத்தில்தான் இருப்பேன்’ என்று அம்மம்மா அன்று போகிறபோக்கில் சொன்னார். காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க அனுப்பினோம். இரண்டு காதிலும் நீர், இடக்காதில் இன்னும் அதிகம். சவ்வில் சின்னக் குழாய் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் அவன் வாய் மூடவில்லை. நான் ‘நிலையற்ற சூழல்’ என்று எழுதிய வீட்டில்தான், ஆறு பேரும் அவனுடைய வலப்பக்கத்தில் இருக்கப் பழகியிருந்தார்கள்.

அந்த வருடம் ஆடி மாதம் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். வானத்தைப் பற்றிப் பாடம். கறுப்புத் தாளில் வெள்ளி நட்சத்திரங்களை ஒட்டச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் ஒட்டினார்கள். இவன் நட்சத்திரங்களை ஓரமாக ஒட்டிவிட்டு, நடுவில் இருந்த கறுப்பை மட்டும் விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான். ‘தினவன்’ என்றான். எனக்குப் புரியவில்லை. மாலையில் அவனுடைய அம்மம்மா விளக்கினார். தினவன் என்றால் விராஜுரி மொழியில் ஈமு, தீக்கோழி போன்ற பறக்காத பெரிய பறவை. பால்வீதியின் நட்சத்திரங்களுக்கு நடுவே கறையாகத் தெரியும் இருட்டில் ஒரு பெரிய ஈமுவின் தலையும் கழுத்தும் உடலும் இருக்கின்றன. நாங்கள் ஒளியை இணைத்து உருவம் பார்க்கிறோம், அவர்கள் இருட்டிலும் பார்க்கிறார்கள். அந்த ஈமு வானத்தில் எந்த நிலையில் தெரிகிறது என்பதைப் பார்த்து, நிலத்தில் ஈமு முட்டையிடும் காலத்தை அறிவார்கள். கூட்டில் இருக்கும் முட்டை எல்லாவற்றையும் எடுக்கக்கூடாது, அடுத்த வருடத்துக்கு ஈமு வேண்டும் என்பதும் அந்தக் கதையோடு சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லப்படும். நாலு வயதுப் பிள்ளைக்கு வானியலும், காலக் கணிப்பும், அளவோடு எடுக்கும் ஒழுக்கமும் ஒரே கதையில். நான் அவனுடைய படிவத்தில் ‘செயற்பாட்டை விளங்கிக்கொள்ளவில்லை’ என்று ஏற்கனவே எழுதிவிட்டிருந்தேன். அழித்தேன்.

இந்தப் பாட்டியின் குடும்பம் என்னிடம் திறந்து கதைக்க ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது என் அதிர்ஷ்டம். அவர் வந்தபோது நன்றாக உடுத்து, பொடியனின் தடுப்பூசி அட்டையையும் வைத்தியரின் துண்டுகளையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பயத்தில் கொண்டுவந்தவை அவை.

இந்த மாநிலத்தில் 1909இல் ‘பூர்வகுடியினர் பாதுகாப்புச் சட்டம்’ வந்தது. 1915இல் அதைத் திருத்தி, நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பாதுகாப்புச் சபைக்குக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்காரிகளாகப் பழக்கக் கூட்டமுண்ட்ராவில் ஒரு விடுதி. ஆண் பிள்ளைகளுக்கு, 1924இலிருந்து 1970 வரை, கெம்ப்சி நகருக்குப் பக்கத்தில் கிஞ்செலா விடுதி. கிஞ்செலாவில் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தாய்மொழியில் கதைத்தால் தண்டனை. 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, 1910இலிருந்து 1970 வரையான காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கும் மூன்றில் ஒருவருக்கும் இடைப்பட்ட தொகையினர் இப்படிப் பறிக்கப்பட்டார்கள் என்று கணித்தது. அன்றைக்குக் கறுப்புக் கார் வந்தால் ஆற்றங்கரைக்கு ஓடி நாணலுக்குள் படுத்துக்கிடக்க வேண்டும் என்பது இந்த அம்மம்மா சின்னப் பிள்ளையாகப் படித்த முதல் பாடம். அவருடைய மூத்த அக்கா ஓடப் பிந்திவிட்டார். முப்பது வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். வந்தபோது அவருக்கு ஆரும் சொந்தமாகத் தெரியவில்லை, தன் பிறந்தநாளும் தெரியவில்லை.

கட்டுரையாளர் ‘பெற்றோர் கவனிப்பதில்லை’ என்று எழுதுகிறார். பெற்றோரால் வளர்க்கப்படாத ஒரு தலைமுறை, பிள்ளை வளர்ப்பை ஆரிடம் பார்த்துப் பழகும்? நான் மேலே சொன்னபடி, அந்தச் சமூகத்தில் எல்லாம் பார்த்துப் படிப்பதுதான். பார்ப்பதற்கு ஆளில்லாமல் பண்ணிவிட்டார்கள். குடியும் அடிதடியும் உள்ள வீடுகளை நானும் கண்டிருக்கிறேன், மறைக்கப் போவதில்லை. ஆபத்தில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றி நானே ஒருமுறை அதிகாரிகளுக்கு அறிவித்தேன், அதற்காக வருந்தவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பான இடம் கடைசியில் கிடைத்தது அதன் தகப்பனின் தங்கை வீட்டில். பிள்ளையை எடுக்கவேண்டி வந்தால் முதலில் சொந்தக் குடும்பம், பிறகு சொந்தச் சமூகம், பிறகு வேறு பூர்வகுடிக் குடும்பம், இவை ஒன்றும் முடியாதபோதே மற்றவர்கள் என்ற வரிசை இங்கு சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வகுடி மக்கள் போராடிப் பெற்ற வரிசை அது.

சட்டத்தில் இருப்பது எப்போதும் நடக்கிறதா என்றால் இல்லை. இன்றைக்கு அவுஸ்திரேலியப் பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 6 சதவீதம். பெற்றோரைப் பிரிந்து அரச பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளில் அவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். நியூ சவுத் வேல்ஸில் பேராசிரியர் மெகான் டேவிஸ் தலைமையில், இப்படி எடுக்கப்பட்ட 1,144 பூர்வகுடிப் பிள்ளைகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2019இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ‘குடும்பமே பண்பாடு’ என்பது அதன் பெயர். 125 பரிந்துரைகள். அந்தக் கோப்புகளிலும் முதலில் ஆரோ ஒருவர், என்னைப் போன்ற ஒருவர், ஏதோ ஒரு படிவத்தில் ஏதோ ஒரு வரி எழுதியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தின் முதல் வருடத்தில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளின் வளர்ச்சியையும் அளக்கிறார்கள். உடல்நலம், பழகும் திறன், மன முதிர்ச்சி, மொழியும் சிந்தனையும், வெளிப்படுத்தும் திறனும் பொதுஅறிவும் என்று ஐந்து துறைகள். 2021இல் பூர்வகுடிப் பிள்ளைகளில் 34.3 சதவீதம் பேர்தான் ஐந்திலும் சரியாக இருந்தார்கள். 2031க்குள் அதை 55 ஆக்கவேண்டும் என்பது 2020இல் அரசும் பூர்வகுடி அமைப்புகளும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு. இந்த அளவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது கேட்காத பிள்ளையைக் கண்டுபிடிக்க அளக்கத்தான் வேண்டும். ஆனால் பதினாறு வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தன் சொந்தக்காரர் நாற்பது பேரின் முறை தெரிந்து கூப்பிடும் பிள்ளையின் மூளை, பத்து நிறம் சொல்லும் பிள்ளையின் மூளையைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மன முதிர்ச்சி வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பலத்தின் மேல் நின்று எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அதை உதறிவிட்டு வா என்றால் வராது. எங்கள் முன்பள்ளியில் பிறகு இதைத்தான் செய்தோம். அம்மம்மாமார் கிழமைக்கு ஒருநாள் வந்து இருந்தார்கள், கதை சொன்னார்கள், விராஜுரிச் சொற்கள் சுவரில் ஏறின. ‘யிந்தியமரா’ என்று அவர்கள் ஒரு சொல் சொல்வார்கள். மரியாதை, நிதானம், மென்மை எல்லாம் அதற்குள் இருக்கிறது. மணல் தொட்டியில் அடிபடும் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், தமிழ்ப் பிள்ளை, பிலிப்பீன்ஸ் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை எல்லாம் அடங்கும். பெரும்பாலும் பேசப்படாமல் போயிருந்த மொழி அது. மூத்தவர் ஸ்ரான் கிராண்ட் தன் தாத்தாவிடம் கேட்ட மொழியை ஞாபகத்திலிருந்து எடுத்து, மொழியியலாளர் ஜோன் ரட்டரோடு சேர்ந்து அகராதியாக்கினார். அதனால்தான் எங்கள் சுவர் வரைக்கும் அது வந்தது.

நாங்கள் வாழும் இடத்தைப் பற்றியும் நம்மவர்களுக்குச் சொல்லவேண்டும். சிட்னியில் தமிழர் நெருங்கி வாழும் டூங்காபி, ஜிராவீன், பரமட்டா எல்லாம் பூர்வகுடிப் பெயர்கள். பரமட்டா என்றால் விலாங்குமீன் படுத்திருக்கும் இடம். அங்கேதான் ஆளுநர் மக்குவாரி 1814இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வருடத்துக்கு ஒருநாள், மார்கழி 28இல் நடக்கும் விருந்தில்தான் பிள்ளையைப் பார்க்கலாம். 1819இல் நடந்த பரீட்சையில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லோரையும் தாண்டி முதற்பரிசு எடுத்தவள் அந்தப் பள்ளியின் மரியா என்ற டாருக் இனச் சிறுமி. பிள்ளைகளுக்கு ஒருநாளும் மூளை குறைவாக இருக்கவில்லை. பெற்றோர்தான் விலக்கப்பட்டார்கள். 1823இல் அந்தப் பள்ளியை இடம்மாற்றிய இடம்தான் பிளாக்டவுன். ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது. ரிச்மண்ட் வீதியில் அந்தக் காணி இன்றும் வெறும் புல்வெளியாக இருக்கிறது. 2018இல் அதை டாருக் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பக்கத்துப் புதுக் குடியிருப்புக்கு, 1816இல் அங்கே நிலம் பெற்ற பூர்வகுடி மனிதரின் பெயரால் கோல்பி என்று பெயர். நம்மவர்கள் எத்தனையோ பேர் அங்கே வீடு வாங்கியிருக்கிறோம். வீடு குடிபூரலுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தப் புல்வெளியைக் காட்டுவேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டுக்கு வரும் நமது பெண்களில் பலர் இப்போது முன்பள்ளிகளிலும் பராமரிப்பு நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் பேனா இருக்கிறது. ஊரில் உங்கள் பத்திரிகையை வாசித்து வளர்ந்து, பூர்வகுடிப் பெற்றோர் கவனிப்பதில்லை என்ற நினைப்போடு இங்கே வந்து இறங்கினால், முதல் படிவத்தில் அவர்கள் என்ன எழுதுவார்கள்? நான் எழுதியதைத்தான். படிவத்தை எடுக்க முன்னம் பிள்ளையின் சொந்தத்தில் ஆராவது ஒருவரோடு வாங்கில் இருந்து ஒரு மணித்தியாலம் கதையுங்கள். காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறியது. ஓகஸ்ட் 4ஆம் திகதி இங்கே பூர்வகுடி மற்றும் ரொறஸ் நீரிணைத் தீவினர் பிள்ளைகள் தினம். 1988இலிருந்து கொண்டாடுகிறார்கள். அந்தத் திகதிக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. பறித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளில் பலருக்குப் பிறந்தநாள் தெரியாது, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாடிய நாள் அது. அந்தக் கிழமை வாரமலரில் அரைப் பக்கம் தாருங்கள். நான் எழுத வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் சொல்லட்டும், மொழிபெயர்த்துத் தருவது மட்டும் என் பொறுப்பு.

அந்த அம்மம்மா இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். இந்தக் கடிதத்தை அனுப்ப முன்னம் பொடியனின் சின்னம்மாவைச் சந்தித்து, உங்கள் வீட்டுக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். பேரும் ஊரும் வேண்டாம், அக்கா ஓடப் பிந்தியதை மட்டும் விடாமல் எழுது என்றார். பத்திரிகை வந்தால் ஒரு பிரதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். எங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்று பொடியனுக்குப் பார்க்க ஆசையாம். அவனுக்கு இப்போது பதினாறு வயது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
டூங்காபி, சிட்னி.